தொப்பி காட்ட ஒரு ஆள்

ஹாலக்
நவம்பர் 28, 1993

அன்புள்ள ஆர்லோ அண்ணனுக்கு,

உன் தங்கை நெட்டி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். படி ஏறும்போது முட்டி மட்டும் என்னைத் திட்டுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? பியூப்லோவில் சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை டின்னைத் திறந்து நின்றபடியே முடித்துக்கொள்கிறாயா?

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் சமையல்கட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் சமையல்கட்டில்தான் இருக்கிறார். உன் பேர் காதில் விழுந்தால் வென்டெல் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார். அதனால் கடையில், தூண்டில் புழு டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

அணையில் ஓரமெல்லாம் ஐஸ் பிடித்துவிட்டது, நடுவில் தண்ணீர். கடற்காகங்கள் வந்து ஐஸ் விளிம்பில் வரிசையாக நிற்கின்றன. கடல் எந்தத் திக்கு என்றே தெரியாத இந்தக் கோதுமைக் காட்டுக்கு இதுகளுக்கு யார் வழி சொன்னார்களோ.

நீங்கள் இரண்டு பேரும் பேசி மூன்று குளிர்காலம் ஆகிறது. வெளியூரில் யாரிடமாவது சொன்னால் வேலித் தகராறு என்று நினைப்பார்கள். ஒரு கடற்காகத்தின் இறக்கை நுனி சாம்பலா கறுப்பா என்று சண்டை என்றால் நம்புவார்களா? அவர், நுனி சாம்பல், அதனால் அது அபூர்வமான ஐஸ்லாந்து கடற்காகம் என்று மாநிலப் பறவைக் கமிட்டிக்கு எழுதினார். ஆறு பேர் சரி என்றார்கள். ஏழாவது ஆள் என் சொந்த அண்ணன். அன்றைக்கு அவர் பக்கத்திலேயே நின்றவன். அவன் மட்டும் 'ஏற்க முடியாது' என்று ஓட்டுப் போட்டான். ஒரு ஓட்டு எதிராக விழுந்தால் போதும், அந்தப் பறவை வரவே இல்லை என்று ஆகிவிடுமாம். நல்ல சட்டம்.

அதிலிருந்து அவருக்கு ஒரே பிடிவாதம். "தூரத்துப் படம்னுதானே தள்ளுனாங்க. இனிமே அது கண்ணு முழி தெரியற மாதிரி கிட்டப் போய் எடுக்கறேன்" என்கிறார். கிட்ட என்றால் ஐஸ் மேலே. முன்னெல்லாம் நீ அணைமேல் டெலஸ்கோப்போடு நின்று தொப்பியால் வழி காட்டுவாய், அவர் கேமராவோடு நடப்பார். உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் ஐஸின் நிறம் தெரியும், நடக்கிறவனுக்குத் தெரியாது என்று நீங்களேதான் சொல்வீர்கள். இப்போது அவர் தனியாகப் போகிறார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடு. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. அணைமேல் ஒரு தொப்பி நின்றால் போதும், அதற்குள் எந்தத் தலை இருந்தாலும் எனக்குச் சரி.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. பதில் போடு.
அன்புத் தங்கை,
நெட்டி

*

பியூப்லோ
டிசம்பர் 10

நெட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். கை குளிரில் நடுங்குவதால் எழுத்து கோடு தாண்டிப் போகிறது, கோபிக்காதே.

வடக்கு மூலையில் வாய்க்கால் தண்ணீர் உள்ளே விழும் இடத்தில் ஐஸ் எப்போதும் மெலிசு. அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அவரிடம் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

இங்கே செய்தி ஒன்றும் இல்லை. பிக்கப் வண்டியை விற்றுவிட்டேன். கேட்ட விலைக்குக் கொஞ்சம் மேலேயே கிடைத்தது.

முட்டிக்குச் சூடு வை.
ஆர்லோ

*

ஹாலக்
டிசம்பர் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று படித்ததில் சந்தோஷம். மீதியெல்லாம் எரிச்சல். நான் கேட்டது வருகிறாயா என்று. நீ எழுதியிருப்பது வாய்க்கால். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், உறைக்குள் கை விட்டுப் பார்த்தேன், 'வருகிறேன்' எங்கும் இல்லை. 'வரமாட்டேன்' என்பதும் இல்லை. எழுத்தோ, எங்கள் கோழி மை தொட்டு நடந்தால் இதைவிட நேராக நடக்கும்.

வண்டியை ஏன் விற்றாய்? நீ சாப்பாட்டை விட்டாலும் அந்த வண்டியை விடமாட்டாயே.

நேற்று மெதுவாக அவரிடம் ஆரம்பித்தேன். காரமான சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் வைத்தேன். வாய் நிறைய இருக்கும்போது பேசினால் ரேடியோ பக்கம் போகமாட்டார் என்று கணக்கு.

"வடக்கு மூலையில ஐஸ் மெலிசாமே" என்றேன்.

"யார் சொன்னா?"

"தூண்டில்காரங்க பேசிக்கிட்டாங்க."

"தூண்டில்காரன் எவனும் வடக்கு மூலைக்குப் போகமாட்டான். அங்க மீனே கிடையாது. அது தெரிஞ்ச ஆளு ஒரே ஒருத்தன்தான்." ரோலைக் கையில் எடுத்துக்கொண்டே போய் ரேடியோவைத் திருகினார்.

எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை பார். ஆறாம் வகுப்போடு நின்றால் இப்படித்தான்.

கிறிஸ்துமஸ் வருகிறது. நீயும் வா.
நெட்டி

*

ஹாலக்
ஜனவரி 6, 1994

அண்ணே,

புது வருஷம் உனக்கு நல்லபடி இருக்கட்டும். உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அச்சடித்த வாழ்த்து, கீழே உன் பேர், பேரும் பாதி ஓரத்தில் விழுந்திருக்கிறது. ஒரு வரி கூடவா எழுத வரவில்லை?

இங்கே எல்லாரும் சுகம். அவருடைய பூட்ஸ் மட்டும் அடுப்பு மேல் காய்கிறது. பேன்ட்டும் காய்கிறது. கோட்டும் பாதிவரை காய்கிறது. இடுப்புவரைதான், அதற்கு மேல் இல்லை. ஐஸ் உடைந்தது கரைக்குக் கிட்டத்தான். தானே ஏறி வந்துவிட்டார். கடை வாசலில் வந்து நிற்கும்போது பேன்ட் உறைந்து தகரம் மாதிரி சத்தம் போட்டது. நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது சொல்.

கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். "நனையல" என்றார் பெருமையாக. தன்னைச் சொல்லவில்லை, கேமராவை.

அன்று அடுப்பில் விறகு கொஞ்சம் அதிகமாகப் போட்டேன். இரண்டு கட்டை கை தவறி வெளியே விழுந்தது. குளிர்தான்.

பிப்ரவரி முடியும்போது ஐஸ் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். அப்போதுதான் பறவையும் கூட்டமாக வரும். உனக்குத் தெரியாததா? பஸ் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்துக்கு நானே வருகிறேன். வா.

நெட்டி

*

பியூப்லோ
ஜனவரி 21

நெட்டிக்கு,

சுகம். நீயும் அவரும் சுகமா? இருமல் வந்ததா அவருக்கு? வந்தால் மறைக்காமல் எழுது.

விழுந்தது எந்தப் பக்கம்? வடக்கு மூலை என்றுதான் நினைக்கிறேன்.

என்னால் வர முடியாது. நீ அணைமேல் நில். நான் சொல்கிறபடி செய். ஐஸ் நீலமாக இருந்தால் நல்லது. பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் பாதி நம்பு. நனைந்த சாக்கு நிறத்தில் இருந்தால் காலே வைக்கக்கூடாது. தொப்பியை உயர்த்தினால் முன்னே நட. பக்கமாக நீட்டினால் அந்தப் பக்கம் திரும்பு. மார்பில் வைத்தால் நில். தலைக்கு மேல் சுற்றினால் வந்த வழியே திரும்பு. தொப்பி கறுப்பாக இருக்கட்டும், பனியில் தெரிய வேண்டும்.

அவர் தொப்பிக்குக் கட்டுப்படுவார். வேறு எதற்கும் கட்டுப்படமாட்டார்.

ஆர்லோ

*

ஹாலக்
பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் வந்தது, போனது. வெங்காயச் சாறு குடிக்க வைத்தேன், அந்தப் பயத்தில் போயிருக்கும்.

வர முடியாது என்று எழுதினாய். ஏன் என்று எழுதவில்லை. என்னை மட்டும் தொப்பியோடு அணைமேல் ஏற்றிவிட்டாய். முட்டியோடு ஏறினேன். கடைக் கதவில் 'காபி வேண்டுமானால் அணைமேல் பார்த்துக் கையாட்டவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நம் ஊர்க்காரர்களைத் தெரியுமே, காபி வேண்டாதவனும் கையாட்டிவிட்டுப் போகிறான்.

உன் தொப்பி வேலை எனக்குப் பிடிபட்டுவிட்டது. பறவைதான் பிடிபடவில்லை. டெலஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு.

"அந்த மூணாவது பாரு, கால் மஞ்சள்" என்கிறார்.

"எந்த மூணாவது? எந்தப் பக்கத்துலேருந்து?"

"இடது பக்கத்துலேருந்து."

"அது நகந்து அஞ்சாவதா போயிடுச்சு."

"நெட்டி, நீ ஐஸை மட்டும் பாரு."

ஐஸை மட்டும்தான் பார்க்கிறேன். நாள் முழுக்க ஒரு மனுஷன் காலுக்கு முன்னால் என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருப்பது என்ன பிழைப்பு என்று கேட்டுக்கொள்கிறேன். நீ இருபது வருஷம் இதைச் செய்தாயா? ஒரு வார்த்தை அலுத்துக்கொண்டதில்லையே.

நேற்று காற்றில் என் தொப்பி பறந்தது. அதைப் பிடிக்கக் கையை வீசினேன். அவர் நான் ஏதோ காட்டுகிறேன் என்று அங்கேயே மூன்று பக்கமும் திரும்பித் திரும்பி நின்றார். உனக்கு அதையாவது பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏன் வர முடியாது என்று எழுது.
நெட்டி

*

ஹாலக்
பிப்ரவரி 17

அண்ணே,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும், நன்றாக இருக்கிறாயா?

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பறவை வந்தது. முழுக்க வெள்ளை, கால் மட்டும் கறுப்பு. தந்த நிறக் கடற்காகம், துருவத்தில் இருக்கிறதாம், இந்தப் பக்கம் யாருமே பார்த்ததில்லையாம். ஐஸில் செத்து உறைந்த மீனைக் கொத்திக்கொண்டு நின்றது. அவர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத சிரிப்பு. தொப்பியை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனார்.

பாதி தூரம் போனார். அவருக்கும் பறவைக்கும் நடுவில் அகலமாக ஒரு இடம், நனைந்த சாக்கு நிறம். மேலேயிருந்து அப்பட்டமாகத் தெரிந்தது. தொப்பியைச் சுற்றினேன். அவர் நின்றார். என்னைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார். மறுபடி சுற்றினேன். திரும்பி வந்தார். அவர் கரையேறுவதற்குள் அது எழும்பிப் போய்விட்டது. படம் இல்லை. அப்புறம் வரவும் இல்லை.

அன்றிலிருந்து என்னோடும் பேச்சில்லை. சில்லியை வண்டியில் வைத்துச் சாப்பிடுகிறார். நீ ஓட்டுப் போட்டாய், நான் தொப்பி சுற்றினேன். நம் வீட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் அவர் பறவைக்கு எமன்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் அந்தச் சாக்கு நிற இடம் முழுக்கத் திறந்த தண்ணீர். வாத்து நீந்துகிறது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கடைக்குள் வந்து, "காபி இருக்கா?" என்றார். அவ்வளவுதான்.

புத்தி வந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை என்னிடம் சொல்லாமல் போயிருக்கிறார். தொப்பியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் சுற்றக்கூடாது என்று. ஈரமாக வரவில்லை. இன்னும்.

ஐஸ் ராத்திரியெல்லாம் முனகுகிறது. இன்னும் இரண்டு வாரம் இப்படித்தான் இருக்கும். அந்த இரண்டு வாரத்துக்குள் நான் விதவையாகப் போகிறேனா இல்லையா என்பதுதான் கேள்வி, அண்ணே. சிரித்துச் சிரித்து எழுதிப் பார்த்தேன், உனக்குப் புரியவில்லை. இப்போது நேராகக் கேட்கிறேன். ஏன் வரமாட்டேன் என்கிறாய்? வெறும் வீம்பு என்றால் அதையும் எழுது. அதற்கப்புறம் நான் உனக்கு எழுதமாட்டேன்.

நெட்டி

*

பியூப்லோ
பிப்ரவரி 25

நெட்டிக்கு,

உடம்பு சுகம். இது என் கையெழுத்து இல்லை. கீழ்வீட்டு பாகா அம்மா நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். உன் கடிதங்களையும் அவர்தான் படித்துக் காட்டுகிறார். நீ கோழி என்று எழுதியதற்கு நன்றாகச் சிரித்தார்.

எனக்குக் கண் போய்விட்டது. முழுக்க இல்லை, நடுவில் மட்டும். எதை நேராகப் பார்க்கிறேனோ அது இல்லை, சுற்றி உள்ளது இருக்கிறது. எதிரே வருகிறவன் தொப்பி தெரியும், முகம் தெரியாது. டாக்டர் இதற்கு மருந்து இல்லை என்றார். வண்டியை அதனால்தான் விற்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு அணைமேல் வென்டெல் "பாரு, நுனி சாம்பல், பாரு" என்று குதித்தார். டெலஸ்கோப்பில் நான் பார்த்தது வெள்ளையாக ஏதோ ஒன்று. பஞ்சு மூட்டை என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் காணாததைக் கண்டேன் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? கண் தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் கோபம் எனக்குப் பழக்கம். அவர் என் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவது எனக்கு வேண்டாம்.

நான் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? அணைமேல் நிற்பேன். அவர் என் தொப்பியை நம்பி நடப்பார், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சாக்கு நிறம் எனக்குத் தெரியாது. நான் தொப்பியை உயர்த்துவேன், அவர் அதன்மேல் நடப்பார். இதுதான் பதில்.

அவரிடம் சொல்லாதே.

பாகா அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறார். அவர் மூக்கை உறிஞ்சுகிறார். சளி என்கிறார்.

ஆர்லோ

*

ஹாலக்
மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

பாகா அம்மா, இதைச் சத்தமாகவே படியுங்கள். உங்களுக்கு என் வணக்கம், சளி தேவலையா?

நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன்.

நீ ஒரு பைத்தியம், அவர் ஒரு பைத்தியம். கண் தெரியாதவனிடம் இறக்கை நுனி என்ன நிறம் என்று ஓட்டுக் கேட்ட அந்தக் கமிட்டியைப் பற்றி நான் என்ன சொல்வது. மூன்று வருஷம் என் சமையல்கட்டில் ரேடியோ அலறியது இதற்காகவா? அழுதேன், அப்புறம் உன்னைத் திட்டினேன், அப்புறம் சில்லி வைத்தேன்.

ரேடியோவின் ஒயரை முதலிலேயே பிடுங்கி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். எல்லாம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்பலேருந்து?"

"அந்தப் பறவை வந்தப்பவே."

"அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

என் கையிலிருந்த ரேடியோ ஒயரை வாங்கிச் சுருட்டி வைத்தார். அப்புறம், "அன்னிக்கு அணைமேலேருந்து பாத்துட்டு, அப்புறம் நான் ஐஸ்மேல இறங்கிப் போனேன். போ போன்னு தொப்பியக் காட்டுனான்" என்றார்.

"தெரியாமத்தானே காட்டிருக்கார்."

"அது இல்லடி. பாதியில தொப்பிய மார்ல வச்சான். வச்சவன் எடுக்கவே இல்ல. நல்ல ஐஸுதான், ஏன் நிறுத்தறான்னு எனக்கு அப்பவே கோவம். அவனுக்கு ஒண்ணும் தெரியல, அதான் நிறுத்திட்டான்." தட்டை நகர்த்தினார். "முட்டாப் பய. சனிக்கிழம போய்க் கூட்டிட்டு வரேன்."

"சொன்னதுக்கே அவர் கோவிச்சுக்குவார். கூட்டிட்டு வேற வரப்போறீங்களா?"

"கோவிச்சுக்கட்டும். மூணு வருஷம் நான் கோவிச்சுக்கல?"

அதனால் சனிக்கிழமை மத்தியானம் உன் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, குரல் கொடுக்கிற விதத்தில் தெரிந்துகொள்வாய். தடித்த காலுறை நாலு ஜோடி எடுத்துக்கொள். வரமாட்டேன் என்று அடம் பிடித்தால் பாகா அம்மா பின்னாலிருந்து தள்ளவும்.

நெட்டி

*

ஹாலக்
மார்ச் 19

கியர்னியில் இருக்கும் நெட்டிக்கு,

எழுதுவது வென்டெல். சொல்வது உன் அண்ணன். எனக்குச் சம்மதம் இல்லாத இடத்தில் நான் குறுக்கே எழுதுவேன்.

நாங்கள் இருவரும் சுகம். நீயும் உன் சித்தி மகள் ஐடாவும் சுகமா? எங்கள் இரைச்சல் தாங்காமல் நீ ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு நெப்ராஸ்காவுக்கு ஓடியது அநியாயம் என்று ஆர்லோ சொல்கிறார். நியாயம்தான் என்பது என் கருத்து. கடை நன்றாக நடக்கிறது. சில்லிப் பானை கொஞ்சம் அடிப்பிடித்தது. கொஞ்சம் இல்லை, பானையே போய்விட்டது என்று எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன்.

ஐஸ் நடுவில் உடைந்து தெற்கே ஒதுங்கியிருக்கிறது. விளிம்பு முழுக்கப் பறவை. தினமும் வண்டியை அணைமேல் நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறோம். "மாப்பிள்ளை ஒரு பறவைக்கு நாலு விஷயம் சொல்வார், நான் ஐந்தாவது கேட்பேன், அது அவருக்குத் தெரியாது, மறுபடி பார்ப்பார்" என்று என்னைச் சொல்கிறார். உண்மைதான். அலகுக்குக் கீழே கழுத்தில் கோடு இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? இவர் கேட்கிறார். பார்த்தால் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வெளிர் நிறத்தில் ஒன்று வந்து ஐஸ் விளிம்பில் நின்றது. நுனி சாம்பல் என்று சொன்னேன். "எவ்வளவு சாம்பல்?" என்றார். "உன் தலைமுடி அளவு" என்றேன். "என் தலைமுடி எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். வண்டிக்குள்ளேயே ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. கமிட்டிக்கு அனுப்பவில்லை.

பாகா அம்மாவுக்கு அட்டை போட வேண்டும் என்று ஞாபகப்படுத்தச் சொல்கிறார். ஐடாவுக்கு வணக்கம். நீ எப்போது வருகிறாய், பானை வாங்கி வைக்கட்டுமா என்று கேட்கிறார். அவர் சொன்னது இத்தோடு முடிந்தது. இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டேன். இனி வருவதைப் படித்துக் காட்டமாட்டேன்.

அந்த வெளிர் பறவை மிகவும் கிட்டத்தில் நின்றது, நெட்டி. கேமராவை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். ஒரு காலும் கீழே வைத்தாயிற்று. இவர் நேர் எதிரே வண்டியின் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "இப்ப என்ன பண்ணுது?" என்றார். இறகைக் கோதுகிறது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" என்றார். காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் இறங்கிப் போய்விட்டால் இந்த ஆளுக்கு யார் சொல்வது?

வென்டெல்